மறுபடி வாங்குவீங்களா?

உக்காருங்கண்ணா நீங்க. ஊட்டுக்காரரு நின்னுட்டிருக்க, வந்தவன் நான் சேர்ல சாஞ்சு உக்காந்திருந்தா நல்லாவா இருக்குது? இங்க இன்னொண்ணு கெடக்குது பாருங்க, இழுத்துப் போட்டுக்குங்க. ஆங், அப்படி.

நான் யாருன்னு மொதல்ல சொல்லிப்போடறேன். பேரு நாச்சிமுத்து. பல்லடத்துல பம்புசெட்டுக் கடை வச்சிருக்கேன். போர் மோட்டாரு, பைப்பு, ஸ்டார்ட்டரு, எல்லாம் நம்மகிட்ட இருக்குது. உங்களை முன்னப் பின்ன பாத்ததில்லீங்க. எம்புள்ள சிந்துஜாதான் அனுப்புச்சு. 'அப்பா, நத்தக்காடையூர்ல அர்த்தநாரின்னு ஒருத்தரு. அவங்க ஊட்டுல நீங்க தேடற அதே வண்டி நிக்குது. ஊரெல்லாம் விசாரிச்சீங்கல்ல, அங்கயும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க. அதுக்கப்பறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்'னுச்சு. உங்களை எப்படித் தெரியும்னு கேட்டேன், வாயே தொறக்கமாட்டேங்குது. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் போன்ல தெரியாத ஒண்ணு இருக்குதுங்களா? காலைல மொத பஸ்ஸே ஏறிட்டேன்.

உங்க புள்ளதானுங்களே கதவைத் தொறந்துச்சு? நல்ல புள்ளைங்க. பேரைச் சொன்னதும், 'வாங்க மாமா, உக்காருங்க, அப்பா தோட்டத்துல இருக்காரு, கூப்பிடறேன்'னு சொல்லி ஒரு சொம்புத் தண்ணியக் கொண்டாந்து வச்சுது. நான் வருவேன்னு முன்னயே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. மொகத்துல அப்படி ஒரு தெளிவு. கல்யாணம் ஆயிருச்சுங்களா? இல்லீங்களா? ஆகும் ஆகும், அதது நேரம் வந்தா ஆகும்.

விசயத்துக்கு வர்றேன். தை பொறந்ததும் எங்க சிந்துஜாவுக்குக் கல்யாணமுங்க. நிச்சயம் முடிஞ்சுது, மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அச்சுல இருக்குது. மாப்ள ஊட்டுக்காரங்க தங்கமான மனுசங்க. சொந்தமா நூல்மில்லு, தோட்டம் தொரவு, எதுக்கும் கொறைச்சலில்ல. 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க புள்ளைக்கு நீங்க செய்யறது'ன்னு சம்பந்தியம்மா சபைல சொல்லிப்போட்டாங்க. இந்தக் காலத்துல யாருங்க அப்படிச் சொல்றாங்க? அப்பறம் கெளம்பறப்ப, வாசப்படில நின்னு செருப்பு மாட்டிக்கிட்டே, 'பையன் ஒரு வண்டிக்கு ஆசைப்படறான், அவ்வளவுதான்'னாங்க. கேக்கவே இல்லீங்க அவங்க. ஆசைன்னுதான் சொன்னாங்க.

அந்த வண்டிதான் இது. பெரிய வண்டியுமில்ல, சின்ன வண்டியுமில்ல. பாக்க ஜீப்பு மாதிரி நெஞ்சை நிமுத்திட்டு நிக்கும், சந்துல திருப்புனா ஆட்டோ மாதிரி திரும்பும். மினி எஸ்யூவிங்கறாங்க. அதுலயும் செம்புக் கலரு, மேல கூரை மட்டும் கருப்பு. வேற கலரு ஆகாதுன்னு மாப்ள கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு.

வாங்கிக் குடுக்கறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. ஒரே புள்ள. ஆனா ஷோரூமுக்குப் போனா அங்கதான் குண்டைத் தூக்கிப் போட்டாங்க. அந்த மாடலை நிறுத்தப் போறாங்களாம். கம்பெனி வேற என்னமோ புதுசா கொண்டாருதாம். அதனால இருக்கற வண்டியத் தள்ளுபடில தாட்டிவிடறாங்க. தள்ளுபடின்னா சாதாரணத் தள்ளுபடி இல்ல, கேட்டா நீங்களே எந்திரிச்சு நின்னுருவீங்க. எனக்கு அங்கதான் வெசனம் புடிச்சுது. இத்தனை கொறைச்சுக் குடுக்கறான்னா ஏன் குடுக்கறான்?

நான் மோட்டார் விக்கறவனுங்க. கம்பெனி ஒரு மாடலை நிறுத்திப்போட்டா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும். காட்டுல வெங்காயம் வாடிட்டு நிக்கும். மோட்டாருக்குள்ள இத்துனூண்டு புஷ்ஷு ஒண்ணு தேஞ்சிருக்கும். அது கோயமுத்தூர்லயும் இருக்காது, சென்னையிலயும் இருக்காது. வாங்குனவன் எங்க போவான்? கம்பெனிக்காரனையா தேடிப் போவான்? என்ற கடை வாசல்லதான் வந்து உக்காருவான். வித்தவன் வித்துப்போட்டுப் போயிருவான், கட்டிட்டு அழுகறவன் வாங்குனவன்தானுங்க. அதுலருந்து ஒரு வைராக்கியம், நாளைக்கு ஒண்ணுன்னா போய் நிக்கறதுக்கு எடமில்லாத சாமானை இந்தக் கையால தொடறதில்ல.

இருங்க, போனு அடிக்குது. ஷோரூம்காரருதான். காலைலருந்து இது மூணாவதோ நாலாவதோ. ஆங், சொல்லுங்க தம்பி... நத்தக்காடையூர்ல இருக்கறேன்... சாயங்காலத்துக்குள்ள சொல்லிப்போடறேன்... தெரியும் தெரியும், வச்சிருங்க.

இன்னிக்குக் கார்த்திகை கடைசிங்களே. நாளைக்கு மார்கழி பொறந்துருது. மார்கழில எவனாச்சும் வண்டிக்கு அட்வான்ஸ் கட்டுவானுங்களா? தை பொறந்து கட்டலாம்னா அந்தக் கலரு இருக்காதாம். 'இன்னிக்கு விட்டா வேற ஆளுக்குப் போயிருமுங்க'ன்னு தம்பி பறக்கறாரு. அதனாலதான் நானும் ஓடியாந்தேன்.

ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க, தெரியுமுங்க. ஒரு வண்டிக்கு இத்தனை விசாரணையான்னு. சிரிக்கட்டும். வண்டிங்கறது என்ன கத்திரிக்காயா, சொத்தைன்னா அரிஞ்சு வீசறதுக்கு? என்ற மொறையே வேறங்க. இந்த வண்டி எங்க நின்னாலும் சரி, கோயில் வாசல், மண்டபம், ஆஸ்பத்திரி, எங்கன்னாலும் சாவிக்காரரு வர்ற வரைக்கும் நானும் நிப்பேன். வந்ததும் ஒரு கும்பிடு. மைலேஜ் கேக்கமாட்டேன், அதை எல்லாப் பயலும் கூட்டித்தான் சொல்லுவான். ஒரே கேள்விதான். 'ஏனுங்க, இன்னொருக்கா வாங்கறதா இருந்தா இதையேதான் மறுபடி வாங்குவீங்களா?' அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு வாயி பொய் சொன்னாலும் மொகம் பொய் சொல்லாதுங்க.

அவினாசில ஒரு பேங்க் மேனேஜரு, கேட்டு முடிக்கங்காட்டி 'வாங்குவேன்'னாரு. திருப்பூர்ல பல் டாக்டரம்மா ஒருத்தங்க, புருசன் மொகத்தைப் பாத்துட்டு, 'அதை அவரைக் கேளுங்க'ன்னாங்க. கொடுமுடில ஒருத்தரு, அப்பாருக்குத் திதி குடுத்துட்டு ஈர வேட்டியோட வர்றாரு, அவரையும் விடலைங்க நான். 'ஏய்யா, திதி குடுத்துட்டு வர்றவன்கிட்டக் கேக்கற கேள்வியாய்யா இது'ன்னு திட்டிப்போட்டு, ரெண்டு எட்டு வச்சவரு திரும்பி, 'வாங்குவேன்'னுட்டுப் போறாரு! சிரிங்க சிரிங்க. நீங்க சிரிக்கவே இல்லியேன்னு பாத்தேன்.

எங்கூட்டுல இந்தக் கேள்வி ஒரு வெளையாட்டாவே போச்சுங்க. ஒரு நா காலைல இட்டிலி தின்னுட்டிருக்கறோம். சிந்துஜா அவங்கம்மாவைப் பாத்து, 'ஏம்மா, இன்னொருக்கான்னா நீ இதே அப்பாவைத்தான் கட்டிக்குவியா?'ங்குது. ஊட்டுக்காரி வளர்மதி, 'சட்டினி கொண்டாறேன்'னு அடுப்படிக்குப் போனவ, வரவே இல்ல. அன்னிக்குச் சட்டினி இல்லாமத்தான் தின்னோம். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறிப்போச்சு. எம்புள்ளதான் சிரிக்காம என்னையே பாத்துட்டு உக்காந்திருந்துச்சு.

முன்னெல்லாம் அப்படி இல்லீங்க அது. வாயாடி. திருப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரில கை கால் விழுந்தவங்களுக்குப் பயிற்சி குடுக்கற வேலை. சாயங்காலம் வந்துச்சுன்னா, இன்னிக்கு ஒரு தாத்தா நடந்தாரு, ஒரு அம்மா கையைத் தூக்குச்சுன்னு ஊடே அமளியா இருக்கும். கல்யாணத்துக்கப்பறம் வேலைக்குப் போக வேண்டாம்னு மாப்ள சொல்லிப்போட்டாரு. அது அவங்க இஷ்டம், நாம என்ன சொல்றது? நிச்சயம் முடிஞ்சதுலருந்து புள்ள சோறு சரியாத் திங்கறதில்ல. 'புள்ள மொகமே சரியில்லீங்க'ன்னு வளர்மதி பொழுதன்னிக்கும் பொலம்பறா. கல்யாணம்னா புள்ளைகளுக்கு வெசனம் இருக்கத்தானுங்க செய்யும்? பொறந்த ஊட்டை விட்டுப் போறதில்லியா? எனக்கும்தான் சோறு எறங்கல. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கறேன். என்னமோ ஒண்ணு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. எல்லாம் இந்த வண்டி வெசனந்தான். ஒரு முடிவுக்கு வந்துட்டா தூக்கம் வந்துருமுங்க.

ஓட்டிப் பாத்தமே, அதைச் சொல்லோணுமே உங்களுக்கு. போன வாரம் ஷோரூம்லருந்து வண்டியக் கொண்டாந்தாங்க. மாப்ள ஓட்டறாரு, சிந்துஜா முன்னால, நானும் ஷோரூம்காரரும் பின்னால. அவினாசிபாளையம் தாண்டுனதும் ஒரு டூவீலர்காரன், சம்சாரம், கொழந்தையோட போறவன், லேசா குறுக்க வந்துட்டான். மாப்ளைக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அவன் போயே போயிட்டான், இவரு விடல. ஒரு மிதி. பிக்கப்புன்னா பிக்கப்பு, முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. தொரத்திப் புடிச்சு அவனுக்கு முன்னால போய்க் குறுக்க போட்டாரு ஒரு பிரேக்கு. அடடா! ஒரு இழுப்பு இல்ல, ஒரு ஆட்டமில்ல, ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சுங்க. சிந்துஜாதான் டேஷ்போர்டைக் கையால புடிச்சுக்கிச்சு. மாப்ள எறங்கிப் போய் அந்தாளு மேல கைய வச்சுட்டாரு. பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு ரெண்டு அறை. கொழந்தை வீல்லுனு கத்துச்சு. இள ரத்தமில்லீங்களா? ஆனா அந்தப் பிரேக்கை நான் எந்த வண்டிலயும் பாத்ததில்லீங்க.

திரும்பறப்ப ஒரு பேக்கரில நிறுத்துனோம். நானும் ஷோரூம்காரரும் எறங்கி டீ குடிக்கறோம். அவங்க ரெண்டு பேரும் ஏசி போட்டுட்டு உள்ளயே இருந்தாங்க. நான் டம்ளரைக் கைல வச்சுட்டு வண்டியவே பாக்கறேன். உள்ள மாப்ள பேசிட்டிருக்காரு. வெரலை நீட்டி நீட்டிப் பேசறாரு. கழுத்து நரம்பு பொடைச்சிருக்குது, வாய் அசையறது நல்லாத் தெரியுது. ஆனா ஒரு சத்தம் வெளிய வரோணுமே! நான் அஞ்சடி தூரந்தானுங்க. எம்புள்ள கைல இருந்த போனை வெடுக்குனு புடுங்கிப் பின்சீட்டுல வீசறாரு, அது விழுந்த சத்தங்கூடக் கேக்கலீங்க. 'என்ன கதவுய்யா இது, கோட்டைக் கதவாட்ட இருக்குது'ன்னு ஷோரூம்காரருகிட்டச் சொன்னேன். அந்தத் தம்பி டீயக் கீழ ஊத்திட்டாரு. போய்க் கண்ணாடியத் தட்டி, 'டீ சொல்லட்டுங்களா?'ன்னு கேட்டேன். மாப்ள கண்ணாடிய எறக்கி, சிரிச்ச மொகமா, 'வேண்டாங்க மாமா'ன்னாரு. மருவாதி தெரிஞ்ச பையன். சிந்துஜா அந்தப் பக்கத்துக் கண்ணாடியப் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு.

ஊட்டுக்கு வந்து அன்னிக்குத்தான் சொல்லுச்சு. 'அப்பா, அவருகூட ஒரு வண்டில உக்காரவே எனக்குப் பயமா இருக்குது. அவரு எனக்கு வேண்டாம்ப்பா'ன்னுச்சு. நான் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சு, 'பெல்ட்டைப் போட்டுக்க சாமி. அந்த வண்டில ஆறு ஏர்பேக் இருக்குது, ஒண்ணும் ஆகாது'ன்னேன். பத்திரிகை அச்சுக்குப் போன பொறகு ஒரு அப்பன் வேற என்னங்க சொல்ல முடியும்? சொல்லுங்க. நீங்களும் ஒரு புள்ளையப் பெத்தவருதானே?

அதுக்கு அது ஒரு கேள்வி கேட்டுது பாருங்க. 'வண்டிய விசாரிக்க ஊர் ஊராப் போறீங்க. அவரை யாருகிட்டப்பா விசாரிச்சீங்க?' ஏன், விசாரிக்காம இருப்பனா? தரகரு சொன்னாரு. எங்க பெரிய மச்சான் மாப்ள ஊரு பெருந்துறைக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டாரு, நல்ல குடும்பம்னு சொன்னாங்க. போதாதுங்களா? 'அவருக்கு முன்ன ஒரு எடத்துல நிச்சயமாகி நின்னு போச்சுல்ல, அந்த ஊட்டுல போய் ஒரே ஒரு வார்த்தை கேளுங்க'ன்னு எங்காலைப் புடிக்குது. எப்படிங்க போய்க் கேக்கறது? நின்னு போன எடத்துக்கு நாம போனோம்னு சம்பந்தி காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க? அந்தக் கதைய அவங்க மறைக்கல. சம்பந்தியம்மாளே சொல்லிப்போட்டாங்க. எங்கயோ காட்டுப்பக்கத்துக் குடும்பமாம். அந்தப் புள்ளைக்கு நரம்புல என்னமோ கோளாறாம், திடீர் திடீர்னு அழுகுமாம், பெத்தவங்க அதைச் சொல்லாம மறைச்சு எங்க மாப்ள தலைல கட்டப் பாத்தாங்களாம். தெய்வாதீனமாத் தெரிஞ்சு நிறுத்திப்போட்டாங்களாம். அப்படிப்பட்ட சனங்க ஊட்டு வாசப்படிய நான் மிதிப்பனுங்களா?

ஏனுங்கண்ணா, எந்திரிச்சுட்டீங்க? உங்கூட்டு அக்கா வேற காப்பித் தட்டத்தோட கதவோரமே நிக்கறாங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறேன், உங்களுக்குத் தோட்டத்துல வேலை கெடக்கும். வண்டியப் பாக்கலாங்களா? வாங்க, வாங்க. பாத்துப்போட்டுக் கெளம்பிடறேன்.

ஓ, பின்னால கொட்டாயிலயா நிக்குது? கவர் போட்டுல்ல வச்சிருக்கீங்க. ஒரு கை நானும் புடிக்கறேன், இருங்க. அம்மாடி, எத்தனை தூசி! எடுத்து ரொம்ப நாளாச்சுங்களா? ஆங்... அட! அட, இதே கலரு! செம்பு, மேல கருப்பு! இந்தக் கலரை எடுத்த ஆளு உங்களைத் தவுத்து நான் இன்னும் பாக்கலீங்க. எம்புள்ள சரியாத்தான் அனுப்பியிருக்குது.

ஆனா என்னங்கண்ணா இது, டயருக்கடில எலுமிச்சம்பழம் நசுங்குன அடையாளமே இல்ல. பொட்டு இல்ல, சந்தனமில்ல. பூசையே போடலீங்களா? நம்ம பக்கத்துல மண்ணு வெட்டற மம்முட்டி வாங்கினாக்கூடப் பொட்டு வச்சுத்தானுங்களே எடுப்போம். சீட்டுல பாலித்தீன் கவர் கூடக் கழட்டல. மூணு வருசத்து மாடலு, ஷோரூம்ல நிக்கற மாதிரி நிக்குது. இதை யாருக்குங்க வாங்குனீங்க? ஓட்டாம வைக்கறதுக்கா வாங்குனீங்க?

சித்தெ இருங்க, உள்ள உக்காந்து பாத்துக்கறேன். சரசரங்குது பாலித்தீனு. கதவைச் சாத்திக்கறேன். ஒரே ஒரு நிமிசம்.

என்னமோ சொன்னீங்களேண்ணா? வாய் அசையறது தெரிஞ்சுது, ஒரு எழுத்துக் காதுல விழுகல. இந்தா, தொறந்துட்டேன், இன்னொருக்காச் சொல்லுங்க.

புள்ள கல்யாணத்துக்கு வாங்குனதுங்களா. சரி. நின்னு போச்சுங்களா. அடடா.

கலரு மாப்ள கேட்டதா. வேற கலரு ஆகாதுன்னா.

எந்த ஊருங்க மாப்ள?

பெருந்துறையா.

கோகுல்நாத்தா?

இல்லீங்க, இருங்க. எங்க மாப்ள பேரும் அதுதான். அந்தப் பேர்ல நெறையப் பேரு இருப்பாங்க. பெருந்துறை என்ன சின்ன ஊரா? நூல்மில்லு வச்சிருக்கவங்களா? அவங்கம்மா... ஒண்ணும் வேண்டாம்னு சபைல சொல்லிப்போட்டு... வாசப்படில நின்னு செருப்பு மாட்டிக்கிட்டே... உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாங்களா?

அண்ணா, நான் சித்தெ முன்னால அந்தச் சேர்ல உக்காந்துட்டு என்ன சொன்னேன்? நரம்புக் கோளாறுன்னேன். மறைச்சுக் கட்டப் பாத்தாங்கன்னேன். உங்க ஊட்டுத் தண்ணியக் குடிச்சுப்போட்டு, உங்க மொகத்தைப் பாத்துட்டே, உங்க புள்ளையவா சொன்னேன்? கதவைத் தொறந்து 'வாங்க மாமா'ன்னு கூப்புட்ட அந்தப் புள்ளையவா? நீங்க ஏண்ணா என்னைக் கழுத்தப் புடிச்சுத் தள்ளல? அக்கா, நீங்களாச்சும் அந்தக் காப்பிய என் மூஞ்சில ஊத்தியிருக்கலாமே.

என்னது? ரெண்டு புள்ளைகளும் போன்ல பேசிக்குதுகளா? நிச்சயம் முடிஞ்ச வாரத்துல இருந்தா? எம்புள்ள உங்க புள்ளைகூடவா? மொகம் பாத்ததில்ல, ஒறவில்ல, ஒரம்பரை இல்ல. எங்கிட்டச் சொன்னா ஏர்பேக் கணக்குச் சொல்றேன், அவங்கம்மாகிட்டச் சொன்னா அவ அடுப்படிக்குப் போயிர்றா. பெத்தவங்க ரெண்டு பேரு ஊட்டுல இருக்கறப்ப, அது அழுகறதுக்கு ஒரு ஆளை நத்தக்காடையூர்ல தேடிப் புடிச்சிருக்குது. வண்டி விசாரிக்கப் போன்னா இந்தக் கெழட்டுப்பய எத்தனை தூரம்னாலும் போவான்னு தெரிஞ்சு, வண்டியச் சொல்லியே என்னை இங்க தாட்டியிருக்குது.

இந்தக் கதவைப் பாருங்கண்ணா. இதை நான் மெச்சுனேன். அஞ்சடி தூரத்துல நின்னுட்டு, டீயக் குடிச்சுட்டு, மெச்சுனேன். எம்புள்ள உள்ள இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதுங்க எனக்கு. வெரல் தெரிஞ்சுது, போனைப் புடுங்குனது தெரிஞ்சுது, எம்புள்ள அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் தொடைச்சது கூடத் தெரிஞ்சுது. ஐயோ சாமி, என்ன மனுசன் நான்.

இருங்க, போனு. அந்த ஷோரூம் தம்பிதான்.

ஆங், சொல்லுங்க தம்பி. அந்த வண்டிய வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க. ஆமா, நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றேன். தள்ளுபடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்... இன்னொண்ணு தம்பி. அன்னிக்கு பேக்கரில நீங்க டீயக் குடிக்காமக் கீழ ஊத்துனீங்கல்ல, ஏன்னு நான் கேக்கவே இல்ல. சரி, வச்சிருங்க.

கவரை இழுத்து மூடிருங்கண்ணா, இதைப் பாக்க முடியல. பத்திரிகைக்காரனுக்கு, மண்டபத்துக்கு, தரகனுக்கு, எல்லாத்துக்கும் நான் சொல்லிக்கறேன். ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும், எனக்குப் பழக்கந்தான். அதுக்கு முன்ன நீங்க ஒண்ணு பண்ணோணும். உங்க புள்ளைய வரச் சொல்லுங்க. அக்கா, நீங்களும் வந்து உக்காருங்க. வந்ததுலருந்து நானே பேசிட்டிருக்கறேன்.

வா அம்மிணி. உக்காரு. இந்த மாமன் உன்னையப் பத்திச் சொன்னது உள்ள உனக்குக் கேட்டிருக்கும், அதுக்கு மன்னிப்புக் கேக்கக் கூட எனக்கு வாயில்ல. அவன் என்ன பண்ணுனான் கண்ணு? மொதல்லருந்து சொல்லு. நான் குறுக்க பேசமாட்டேன்.